கடலை மிட்டாயும் நடைப்பிணமும்: ஜாம்பி நகைச்சுவையில் உணவுக்கடை

ஜாம்பிக் கதை தின்பதைப் பற்றிய கதை. செத்தவர் எழுந்து வந்து உயிரோடு இருப்பவரைக் கடிக்கிறார். கடிபட்டவரும் செத்து எழுந்து அடுத்தவரைத் தேடிப் போகிறார். இந்தக் கதைக்கு நடுவே அடுப்பு, கல்லாப்பெட்டி, விலைப்பட்டியல் சகிதம் ஓர் உணவுக்கடையைக் கொண்டுபோய் வைத்தால் திகில் சிரிப்பாக மாறிவிடுகிறது. ஊரே பிணக்காடான பிறகும் நேரத்துக்குக் கடை திறக்கும் சமையல்காரர், கொல்ல வரும் கும்பலைப் பந்தியில் உட்காரவைத்துச் சமாளிக்கும் பரிமாறுநர் போன்ற உருவங்கள் அனிமேஷன் தொடர்களிலும் கணினி விளையாட்டுகளிலும் இப்போது பழகிப்போனவை. பொருந்தாத இரண்டை ஒட்டவைத்த வேடிக்கையாக மட்டும் இது தோன்றலாம். ஆனால் ஜாம்பி என்ற உருவம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், தின்பண்டம் விற்பவர் அந்தக் கதையில் தொடக்கம் முதலே இருப்பது தெரியவரும்.

கரும்புத் தோட்டத்துப் பிணங்கள்

ஜாம்பியின் பிறப்பிடம் கரீபியக் கடலில் உள்ள ஹெய்ட்டி. செயின்ட் டொமிங் என்ற பெயரில் பிரான்சின் காலனியாக இருந்த அந்த நாட்டில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் சாகும்வரை வேலை வாங்கப்பட்டார்கள். அடிமைகளே கிளர்ந்தெழுந்து வென்று, 1804-இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் அந்த உழைப்பின் நினைவு நம்பிக்கையாகத் தங்கிவிட்டது. மந்திரவாதி ஒருவன் புதைகுழியிலிருந்து பிணத்தை எழுப்பி வயலில் வேலைக்கு விடுவான் என்பதே ஹெய்ட்டி ஜாம்பியின் சாரம். அங்கே ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. ஜாம்பியைக் கண்டு யாரும் ஓடவும் வேண்டியதில்லை. செத்தும் வேலையிலிருந்து விடுதலை கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான் மக்களின் அச்சம்.

1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே சென்று வந்த வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் 1929-இல் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற நூலை வெளியிட்டார். ஜாம்பி என்ற சொல்லை ஆங்கில வாசகரிடையே பரப்பியதில் இந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் சீப்ரூக் தாம் கேட்டதாக ஒரு கதையைச் சொல்கிறார். ஒரு கங்காணி, பிணங்களை எழுப்பி அமெரிக்கச் சர்க்கரை நிறுவனமொன்றின் கரும்பு வயலுக்கு வேலைக்கு அழைத்து வருகிறான். அவர்களின் கூலி அவன் மடிக்குப் போகிறது. ஜாம்பிகளுக்கு உப்பில்லாத உணவு மட்டுமே தர வேண்டும் என்பது விதி. உப்பு நாக்கில் பட்டால் தாங்கள் செத்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கங்காணியின் மனைவிக்கு அவர்கள்மேல் இரக்கம். திருவிழா நாளில் சந்தைக்குக் கூட்டிப்போய், தெருவில் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஆளுக்கொரு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். வெல்லப் பாகில் ‘பிஸ்தாஷ்’ போட்டுச் செய்தது. இனிப்புப் பண்டம்தானே, உப்பிருக்காது என்பது அவள் கணக்கு. ஹெய்ட்டியில் ‘பிஸ்தாஷ்’ என்றால் நிலக்கடலை. ஆக, அது ஏறக்குறைய நம் கடலை மிட்டாய்தான். பாகில் சேர்க்கும் முன் அந்தக் கடலையில் உப்புப் போட்டிருந்தார்கள். கடித்த மறுகணமே பிணங்களுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அலறியபடி தங்கள் மலையூரை நோக்கி நடந்து, சொந்தப் புதைகுழிகளைத் தேடிப் போய் விழுகிறார்கள். மிட்டாய் விற்றவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சரக்கு விற்றாள், அவ்வளவுதான்.

சொரணையற்றவனிடம் ‘சோற்றில் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா’ என்று கேட்கும் தமிழ் வழக்குக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். உப்பு தன்மானத்தின் ருசி. அதை மறுத்தால்தான் ஒருவரைக் கேள்வி கேட்காமல் உழைக்கவைக்க முடியும். உழைப்பு உண்டு, உப்பில்லை என்பது முதல் ஜாம்பியின் நிலை. அந்த நிலையை உடைத்தது தெருக்கடையின் ஒரு துண்டு மிட்டாய்.

உழைப்பு போய்ப் பசி வந்தது

சீப்ரூக்கின் நூல் வந்து மூன்றாண்டுக்குள், 1932-இல் ‘ஒயிட் ஜாம்பி’ படம் வந்தது. அதில் சர்க்கரை ஆலைக்குள் ஜாம்பிகள் செக்கிழுப்பதுபோல் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒருவர் எந்திரத்துக்குள் விழுகிறார். மற்றவர்கள் ஏறிட்டும் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதுவரை ஜாம்பி தொழிலாளியாகவே இருந்தது.

ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ இதைத் தலைகீழாக்கியது. சுமார் 1,14,000 டாலர் செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பாத்திரங்கள் அதில் ‘ஜாம்பி’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் இன்று உலகம் ஜாம்பி என்று நினைப்பது அந்தப் படத்தின் பிணங்களைத்தான். அவற்றுக்கு எசமான் கிடையாது, வேலை கிடையாது. மனித இறைச்சி மட்டும் வேண்டும். படப்பிடிப்பில் இரத்தமாகப் பயன்பட்டது சாக்லேட் பாகு. பிணங்கள் கடித்திழுத்த இறைச்சி சுட்ட பன்றித் தொடையும் கசாப்புக்கடைக் குடலும். நவீனத் திரை ஜாம்பி சமையலறைச் சாமான்களில் உருவானது என்று சொன்னால் மிகையாகாது.

பத்தாண்டு கழித்து, 1978-இல், ரொமேரோவே ‘டான் ஆஃப் த டெட்’ படத்தில் பிணங்களைக் கடைக்கு அழைத்து வந்தார். பென்சில்வேனியாவின் மன்ரோவில் வணிக வளாகத்தில், கடைகள் அடைத்த பிறகு இரவு முழுவதும் படப்பிடிப்பு நடந்தது. விடிவதற்குள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் தோரணங்கள் கட்டிய நாட்களில் வேலையை நிறுத்திவைத்தார்கள். படத்தில் செத்தவர்கள் பழைய நினைவின் இழுப்பில் வளாகத்துக்குத் திரும்பி வருகிறார்கள். நகரும் படிக்கட்டில் ஏறத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். பின்னணியில் கடைத்தெரு இசை இனிமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கும் நான்கு பேரோ உள்ளேயே பதுங்கி, விலை கொடுக்காமல் வேண்டியதையெல்லாம் எடுத்துத் துய்க்கிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் ஆசை ஒன்றே என்பது படத்தின் கேலி. ஜாம்பி நகைச்சுவை என்ற மரபுக்கு வித்திட்ட படங்களுள் இதற்கு முதலிடம் உண்டு.

சிரிப்பின் பொறிகள்

1985-இல் டான் ஓ’பேனன் இயக்கிய ‘த ரிட்டர்ன் ஆஃப் த லிவிங் டெட்’ வெளிப்படையான நகைச்சுவை. ஜாம்பிகள் மூளையைத் தின்னும் என்ற எண்ணம் பரவியது இந்தப் படத்திலிருந்துதான். அதன் பிணங்கள் பேசக்கூடியவை. ஆம்புலன்சில் வந்தவர்களைத் தின்று முடித்த பிணம் ஒன்று, வண்டியிலிருந்த வானொலிக் கருவியை எடுத்து, இன்னும் சில மருத்துவப் பணியாளர்களை அனுப்பும்படி கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கிறது. மறுமுனையில் இருப்பவருக்கு அது அவசர உதவிக் கோரிக்கை. பார்வையாளருக்கோ வீட்டுக்குச் சாப்பாடு வரவழைக்கும் அழைப்பு. கொடூரம் குறையவே இல்லை. வாடிக்கையாளரின் பேச்சுவழக்கு அதோடு சேர்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

எட்கர் ரைட்டின் ‘ஷான் ஆஃப் த டெட்’ (2004) வேறொரு பொறியைக் காட்டியது. நாயகன் காலையில் தூக்கக் கலக்கத்தோடு தெருமுனைக் கடைக்குப் போய்க் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் எடுத்து வருகிறான். முதல் நாள் போன அதே பாதை, அதே ஒற்றை நீள்காட்சி. ஆனால் இரண்டாம் நாள் ஊர் அழிந்துவிட்டது. குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் இரத்தக் கைத்தடம் அப்பிக் கிடக்கிறது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அன்றாடப் பழக்கம் பேரழிவைவிடப் பலமானது என்பது இக்காட்சியின் வேடிக்கை.

பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி பெர்க்சன் 1900-இல் வெளியிட்ட சிரிப்பு பற்றிய நூலில், உயிருள்ள மனிதர் எந்திரம்போல் நடந்துகொள்ளும்போதே சிரிப்புப் பிறக்கிறது என்று வாதிட்டார். ஜாம்பி இந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்த உருவம். கடைக்காரரும் அப்படித்தான். வணக்கம் சொல்வது, சில்லறை எண்ணுவது, ‘நாளை வாருங்கள்’ என்பது எல்லாம் கைப்பழக்கம். பழக்கத்தால் இயங்கும் இருவர், நடுவில் ஒரு மேசை. உணவுக்கடை நகைச்சுவைக்கு வேண்டிய அடிப்படை அமைப்பு இவ்வளவே.

‘ஜாம்பிலேண்ட்’ (2009) இதில் ஏக்கத்தைச் சேர்த்தது. அழிந்த அமெரிக்காவில் ஒருவர் ‘ட்விங்கி’ என்ற கிரீம் கேக்குக்காக ஊர் ஊராக அலைகிறார். ட்விங்கி கெட்டே போகாது என்பது அமெரிக்க நாட்டு வதந்தி. உண்மையில் அப்போது அதன் ஆயுள் நாலு வாரத்தைத் தாண்டியதில்லை. 2013-இல் மறுபடி சந்தைக்கு வந்தபோதுதான் 45 நாளாக நீட்டினார்கள். கடைசிச் சரக்கு கெட்டுப்போகும் நாள் நெருங்குகிறது என்பதே பேரழிவு நாட்களின் கடிகாரம்.

அனிமேஷன் தரும் வசதி

நேரடிப் படத்தில் இரத்தம் இரத்தமாகத்தான் தெரியும். உணவும் பிணமும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் பார்ப்பவருக்குக் குமட்டும், சிரிப்பு பின்வாங்கிவிடும். வரைகலையில் அந்த நெருக்கடி இல்லை. கை கழன்று விழலாம், திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இரத்தத்துக்கு எந்த நிறமும் கொடுக்கலாம். கொதிக்கும் ராமென் கிண்ணத்தின் ஆவியையும் அழுகிய முகத்தையும் ஒரே மென்கோட்டில் வரையலாம். உணவை நாவூற வரைவது ஜப்பானிய அனிமேஷனின் நெடுங்காலக் கைத்தேர்ச்சி. அந்தத் திறமை ஜாம்பிக் கதைக்குள் வரும்போது, கண்ணுக்கு ஒரே நேரத்தில் பசியும் அருவருப்பும் கிடைக்கின்றன.

ஹாரோ அசோ எழுதி கோட்டாரோ தகாட்டா வரைந்து 2018-இல் தொடங்கிய ‘ஜோம் 100’ மாங்கா சித்திரக்கதை, 2023-இல் பக் ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் 12 அத்தியாயத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. நாயகன் அகிரா தெண்டோவுக்கு வயது 24. ஊழியரைச் சக்கையாகப் பிழியும் நிறுவனத்தில் மூன்று ஆண்டு உழைத்து நைந்துபோனவன். இத்தகைய நிறுவனங்களை ஜப்பானியர் ‘கறுப்பு நிறுவனம்’ என்பார்கள். ஒருநாள் காலை ஊர் முழுக்க ஜாம்பிகள். உயிருக்கு ஓடும்போது அவன் மனத்தில் உதிக்கும் எண்ணம் ஒன்றே: இனி வேலைக்குப் போக வேண்டியதில்லை. அதுவரை மங்கிய நிறத்தில் அகன்று ஒடுங்கிய சட்டத்துக்குள் இருந்த படம் அந்தக் கணத்தில் திரை நிறைய விரிகிறது. இரத்தம் சிவப்பை விட்டு வண்ணச் சாயங்களாகத் தெறிக்கிறது. அகிரா உட்கார்ந்து, ஜாம்பி ஆவதற்குள் செய்ய வேண்டிய 100 ஆசைகளைப் பட்டியலிடத் தொடங்குகிறான்.

அவன் வீட்டைவிட்டுத் துணிந்து இறங்குவது பீர் வாங்கத்தான். 24 மணி நேரக் கடை ஒன்றுக்குள் நுழைகிறான். அதே கடையில் ஷிசுகா என்ற பெண், ஆபத்தின் அளவைக் கணக்கிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே அலமாரிக்கு முன் இரண்டு வகை மனிதர்கள்: பிழைத்திருக்கத் தின்பவர், வாழத் தின்பவர். தொடரின் பெரும்பகுதி இவ்விருவருக்கிடையே நடக்கும் வழக்காடல். பின்னொரு கட்டத்தில் நெடுஞ்சாலையோரத்தில் தஞ்சம் புகுந்தவர்களின் முகாமுக்குப் போகிறான் அகிரா. அதை நடத்துபவர் அவனுடைய பழைய மேலதிகாரி. உணவும் பாதுகாப்பும் அவர் கையில். அகிராவின் முதுகு மீண்டும் வளைகிறது. பழைய பணிவு, பழைய நடுக்கம் எல்லாம் திரும்புகின்றன. ஜப்பானில் மிகைப்பணியால் வரும் சாவுக்குக் ‘கரோஷி’ என்று தனிச்சொல்லே உண்டு. கூடுதல் பணிநேரத்துக்கு உச்சவரம்பு விதித்த சட்டம் 2018-இல் நிறைவேறி 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சூழலில் பிறந்த இக்கதை, ரொமேரோ கைவிட்ட ஹெய்ட்டி ஜாம்பியைத் தெரிந்தோ தெரியாமலோ மீட்டெடுத்தது. பேரழிவுக்கு முந்தைய அகிராதான் உப்பில்லாமல் உழைத்த நடைப்பிணம். அவனுக்குக் கடலை மிட்டாயின் வேலையைச் செய்தது பீர்.

மாப்பா நிறுவனத்தின் ‘ஜாம்பி லேண்ட் சாகா’ (2018) வேறு திசையில் போகிறது. சாகா ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள, அவ்வளவாக யாரும் பேசாத மாவட்டம். அதன் பெயரைப் பரப்ப, செத்துப்போன பெண்களை எழுப்பிப் பாட்டுக்குழு அமைக்கிறார் ஒருவர். ஓர் அத்தியாயத்தில் அக்குழு, இமாரி நகரில் மெய்யாகவே இயங்கும் ‘டிரைவ்-இன் டோரி’ என்ற கோழி உணவகத்துக்கு விளம்பரப் படம் எடுக்கிறது. மனிதரைத் தின்ன வேண்டிய பிணங்கள், மனிதருக்குச் சுட்ட கோழியைச் சிபாரிசு செய்கின்றன.

பசித்த கும்பலுக்குப் பரிமாறுதல்

ஜாம்பிப் பேரழிவில் உணவுக்கடை நடத்துவது என்ற கருவை மிக நேரடியாகச் செயல்படுத்தியது ‘ஓவர்குக்ட்’ என்ற பிரிட்டிஷ் விளையாட்டு வரிசை. கேலிச்சித்திர பாணியிலான அனிமேஷன் நகைச்சுவை இது. 2016-இல் வந்த முதல் விளையாட்டில், பெரும்பசி கொண்ட இத்தாலிய நூடுல்ஸ் அரக்கன் ஒருவனுக்குச் சமைத்துப்போட முடியாமல் உலகம் அழிகிறது. வெங்காய ராஜா சமையல்காரர்களைப் பயிற்சிக்காக 1993-ஆம் ஆண்டுக்குத் திருப்பி அனுப்புகிறார். 2018-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே ராஜா மந்திர நூலைப் படித்துத் தொலைக்க, செத்த ரொட்டிகள் எழுந்து நடக்கின்றன. இங்கே ஜாம்பியே உணவுப்பொருள்.

இதன் கூடுதல் தொகுப்பாக 2019-இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் த ஹாங்க்ரி ஹோர்ட்’, பெயரிலேயே ரொமேரோவுக்கு மாலை போடுகிறது. கோட்டைச் சமையலறையின் சன்னல்களைப் பிய்த்துக்கொண்டு ரொட்டிக் கும்பல் உள்ளே வரப்பார்க்கிறது. துப்பாக்கி கிடையாது. எந்தச் சன்னலில் நிற்கும் ரொட்டிக்கு எந்த உணவு வேண்டுமோ அதை நேரத்தோடு சமைத்து நீட்டினால் அது ஓய்ந்துவிடும். தாமதித்தால் பலகை உடையும். சம்பாதித்த நாணயத்தில் பலகையைச் செப்பனிடலாம். உலையில் கரி குறைந்தால் அடுப்பு அணையும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து விளையாடும்போது ‘தட்டு எங்கே’, ‘காய் நறுக்கினாயா’ என்று எழும் கூச்சல், மதிய நேர நெரிசலில் எந்தக் கையேந்தி பவனிலும் கேட்கக்கூடியது. வாடிக்கையாளர் கூட்டத்தையும் பிணக் கும்பலையும் பிரித்தறிய முடியாத நிலைக்கு விளையாடுபவர் வந்துவிடுகிறார். உணவகத் தொழிலாளர்களுக்கு அந்த உணர்வு புதிதாக இருக்காது.

கும்பலே வராவிட்டால் என்னாகும் என்பது இதன் மறுபக்கம். டக்ளஸ் ஆடம்ஸ் 1980-இல் எழுதிய ‘அண்டத்தின் எல்லையில் உணவகம்’ என்ற பொருள்படும் தலைப்புடைய நாவலில், பேரண்டம் அழியும் கணத்தை வேடிக்கை பார்த்தபடி விருந்தினர் சாப்பிடுகிறார்கள். தன் காலத்துக்குத் திரும்பிப் போய் வங்கியில் ஒரு பென்னி போட்டுவைத்தால் போதும். உலகம் அழிவதற்குள் வட்டி குட்டி போட்டுச் சாப்பாட்டுச் செலவை அடைத்துவிடும். 2025-இல் வந்த ‘அபோகலிப்ஸ் ஹோட்டல்’ என்ற ஜப்பானியத் தொடரில், மனிதர்கள் பூமியைவிட்டுப் போய் நூறாண்டான பின்னும் டோக்கியோ கின்சா பகுதியின் விடுதி ஒன்றை ரோபோக்கள் விடாமல் நடத்துகின்றன. விருந்தோம்பல் பழகிய கைக்கு விருந்தினர் இல்லாதது பெரிய குறையாகப் படுவதில்லை.

மெய்யான பேரழிவில் மெய்யான கடைகள்

கடை திறந்திருப்பது கற்பனை வேடிக்கை மட்டும் என்று ஒதுக்க முடியாது. 1945-இல் தோற்றுச் சிதைந்த ஜப்பானிய நகரங்களில் இடிபாடுகளுக்கு நடுவே முதலில் முளைத்தவற்றுள் கள்ளச்சந்தைகளும் அவற்றின் உணவுத் தள்ளுவண்டிகளும் அடங்கும். பங்கீட்டு அரிசி வயிற்றுக்குப் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு கள்ளவழியில் கைமாறி நூடுல்ஸாகிக் கிண்ணத்துக்கு வந்தது. ஒசாக்கா உமேதா நிலையத்துக்குப் பின்புறம், குளிரில் ஒரு ராமென் கடைமுன் நீண்டு நின்ற வரிசை மொமொஃபுகு ஆண்டோ என்பவரின் மனத்தில் பதிந்தது. அவர் 1958 ஆகஸ்டு 25-இல் எண்ணெயில் பொரித்து உலர்த்திய உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று ஜாம்பிக் கதைகளில் பிழைத்தவர்களின் பையில் தவறாமல் இருக்கும் அந்தப் பொட்டலம், ஒரு பேரழிவுக் காலத் தெருக்கடையின் வாரிசு.

கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வெளியே வந்த டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துப் பிறந்தது ‘புதே ஜிகே’, அதாவது படைமுகாம் குழம்பு. சியோலுக்கு வடக்கே உள்ள உய்ஜோங்பு நகரம் இன்றும் அதற்குப் பெயர்போனது. பஞ்சத்தின் சமையல் குறிப்பு அமைதிக் காலத்தின் ருசியாக நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் வாஃபிள் ஹவுஸ் என்ற 24 மணி நேர உணவகத் தொடர் புயலின் கடுமையை அளக்கும் கருவியாகவே ஆகியிருக்கிறது. பேரிடர் மேலாண்மை அமைப்பின் தலைவராக இருந்த கிரெய்க் ஃபுகேட் அந்த அளவுகோலைப் பரப்பினார். உணவகம் முழு உணவுப்பட்டியலோடு இயங்கினால் பச்சை. மின்சாரமோ சரக்கோ குறைந்து சுருக்கப் பட்டியலோடு இயங்கினால் மஞ்சள். கதவே அடைத்துவிட்டால் சிவப்பு. 2011 மே மாதம் மிசூரியின் ஜோப்ளின் நகரைச் சூறாவளி தரைமட்டமாக்கியபோதும் அங்கிருந்த அந்நிறுவனக் கடைகள் இரண்டும் திறந்தே இருந்தன. அதே மாதத்தில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், ஜாம்பிப் படையெடுப்புக்குத் தயாராவது எப்படி என்று வேடிக்கையாக ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. குடிநீரும் கெடாத உணவும் சேர்த்து வையுங்கள் என்பது அதன் சாரம். படிக்க மோதிய கூட்டத்தைத் தாங்காமல் வழங்கி படுத்துவிட்டது.

கல்லாவின் கணக்கு

அழிவுக் காலக் கடைக்கு நான்கு சிக்கல்கள் உண்டு: சரக்கு எங்கே கிடைக்கும், அடுப்புக்கு என்ன எரிப்பது, விலையை எதில் வாங்குவது, கெட்டுப்போவதற்குள் விற்பது எப்படி. நகைச்சுவைக் கதைகளில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த நான்கிலிருந்தே பிறக்கின்றன. உப்பு வாங்கப் போவதே வீரச்செயலாகிறது. வாணலி கேடயமாகிறது. கடன் சொன்னவர் மறுநாள் ஜாம்பியாக வந்து நிற்கிறார். பாக்கியை யாரிடம் கேட்பது?

இவை எப்படி வேலை செய்யும் என்பதற்கு மெய்யான சான்று உண்டு. ஆர். ஏ. ராட்ஃபோர்ட் என்ற பொருளியலாளர், இரண்டாம் உலகப்போரில் தாம் கைதியாக இருந்த முகாம்களின் சந்தையைப் பற்றி 1945 நவம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முகாமில் சிகரெட்டே நாணயம். அங்கே ஒரு கைதி காப்பிக் கடை வைத்திருந்தார். தேநீரும் காப்பியும் கோகோவும் ஒரு கோப்பை இரண்டு சிகரெட். மூலப்பொருளைச் சந்தை விலைக்கு வாங்கினார். விறகு பொறுக்கவும் அடுப்பெரிக்கவும் கூலிக்கு ஆள் வைத்தார். ஒரு கட்டத்தில் கணக்கு எழுதப் பட்டயக் கணக்காளரையே அமர்த்தினார். நன்றாக ஓடியபோது கால் அகல வைத்து, கடைசியில் நொடித்துப்போனார். முள்வேலிக்குள் கடை திறந்து, வளர்ந்து, திவாலான இந்த வரலாற்றில் எந்த அனிமேஷன் எழுத்தாளரும் கூட்ட வேண்டியது அதிகமில்லை.

களத்தில் ஒரு பந்தி

தமிழில் ஜாம்பித் திரைப்படம் 2016-இல் ‘மிருதன்’ வழியாகவும், ஜாம்பி நகைச்சுவை 2019-இல் ‘ஜாம்பி’ வழியாகவும் வந்தன. ஆனால் பசித்த பிணக்கூட்டத்தின் சமையலை நகைச்சுவையாக்கும் கலை தமிழுக்குப் பழையது. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடும் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், பட்டினி கிடந்த பேய்கள் காளியிடம் முறையிட்டுவிட்டுப் போர்க்களத்துக்கு வருகின்றன. வந்ததும் கண்டதைக் கடித்துத் தின்பதில்லை. பல் தேய்த்துக் குளித்துவிட்டுக் கூழ் சமைக்கின்றன. வீரர்களின் பற்கள் அரிசி, முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. பிறகு முறையாகப் பந்தி. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றின் பழக்கமும் குறையும் பார்த்துப் பரிமாறுகின்றன.

பொருள் கோரம், முறை வீட்டு விருந்து. பந்தியில் இடம்பிடிக்கும் சண்டையும் சாதி சமய ஆசாரமும் பேயுலகிலும் உண்டு என்று காட்டும்போது அச்சம் கேலியாகிறது. ரொமேரோவின் பிணங்களுக்கு இல்லாதது இந்தப் பந்திதான். அவை தனித்தனியாகத் தின்கின்றன; சமைப்பதில்லை, காத்திருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதில்லை. பேரழிவுக் கதையில் வரும் உணவுக்கடை அந்த விடுபட்ட பகுதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருகிறது: தீ, உப்பு, வரிசை, விலை, ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா’ என்ற கேள்வி.

இந்தக் கதைகள் முடியும் விதத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. சந்தையில் மிட்டாய் தின்ற ஹெய்ட்டிப் பிணங்கள் புதைகுழிக்குத் திரும்புகின்றன. கூழுண்டு களித்த பேய்கள் மன்னனை வாழ்த்தப் பரணி நிறைவுறுகிறது. கேட்ட உணவு கிடைத்ததும் ரொட்டிக் கும்பல் சன்னலைவிட்டு அகல்கிறது. வயிறு நிறைந்தால் கதை முடிந்துவிடும். அதனால்தான் உணவுக்கடையை மையமாக வைக்கும் நகைச்சுவைகள் தொடராகவும் விளையாட்டாகவும் அமைகின்றன. வரிசையில் அடுத்து நிற்பவருக்கு எப்போதும் பசிக்க வேண்டும். கடைக்காரருக்கு ஏதாவது ஒரு சரக்கு தீர்ந்துபோயிருக்க வேண்டும்.